புதிய கம்ப்யூட்டரில் வெப்சைட் வேலை: ஃபோல்டர் பர்மிஷன் பிழைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடிய புராஜெக்ட், புது மெஷினுக்கு மாற்றியதும் 403 (பக்கத்தைத் தர அனுமதி இல்லை) காட்டும். இல்லையென்றால் "பர்மிஷன் டினைட்" என்று நிற்கும். கோடு மாறவில்லை. அந்த ஃபைல்களைத் தொட வருகிற யூசர் மாறிவிட்டார், அல்லது வழியில் இருக்கும் ஒரு ஃபோல்டரின் கதவு மூடியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாமே அந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான்.

உதாரணங்கள் உபுண்டுவை வைத்து இருக்கின்றன. ஃபெடோரா, மேக், விண்டோஸ் பின்னால் வருகின்றன. கமாண்டுகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். உதாரணத்துக்கு யூசர் பெயர் கயல், புராஜெக்ட் இருக்கும் இடம் /ஹோம்/கயல்/சைட்ஸ்/கடை.

பிழை வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

லாக்கை, அதாவது சர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் ஃபைலை. பிரவுசரில் தெரியும் 403 என்ற எண் எதையும் சொல்லாது, ஏனென்றால் குறைந்தது மூன்று வேறு காரணங்களுக்கு அதே எண் வரும். வெப் சர்வர் அப்பாச்சி என்றால் /வார்/லாக்/அப்பாச்சி2 ஃபோல்டரிலும், என்ஜின்எக்ஸ் என்றால் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ் ஃபோல்டரிலும் எரர் லாக் இருக்கும். பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்துவிட்டு கடைசி வரியைப் படியுங்கள்.

அப்பாச்சி லாக்கில் ஏஎச்00035 என்று வந்து, பாதையில் ஏதோ ஒரு பகுதிக்கு தேடும் அனுமதி இல்லை என்று சொன்னால் அது உண்மையான ஃபோல்டர் பர்மிஷன் பிரச்சினை. ஏஎச்01630 வந்தால் பர்மிஷனைத் தொடவே வேண்டாம். அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் அந்த ஃபோல்டருக்கு 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' என்ற வரி இல்லை, அவ்வளவுதான். ஏஎச்01276 என்றால் ஃபோல்டரில் இண்டெக்ஸ் ஃபைல் இல்லை. லாராவெல் (பிஎச்பி ஃப்ரேம்வொர்க்) புராஜெக்டில் பப்ளிக் ஃபோல்டருக்குப் பதிலாக அதன் மேல் ஃபோல்டரைக் காட்டிவிட்டால் இது வரும்.

என்ஜின்எக்ஸில் அடைப்புக்குறிக்குள் 13 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 13 என்றால் அனுமதி மறுப்பு. 2 என்றால் அப்படி ஒரு ஃபைலே இல்லை, பாதை தவறு. ஒரு எச்சரிக்கை: கான்ஃபிக்கில் 'ட்ரை ஃபைல்ஸ்' வரி இருந்தால், அனுமதி இல்லாத ஃபைலுக்கும் பிரவுசரில் 404 (ஃபைல் இல்லை) வரலாம். 404 வந்ததால் பர்மிஷன் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் தரும் "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்ற ஒற்றை வரி வெள்ளைப் பக்கமும் அப்படித்தான். பாதை தவறாக இருந்தாலும் அது வரும், பாதைக்குள் நுழைய முடியாவிட்டாலும் வரும்.

ஃபோல்டர்கள் எல்லாம் 755, ஃபைல்கள் எல்லாம் 644. ஆனாலும் 403 ஏன்?

புது உபுண்டுவில் மிக அதிகமாக வரும் சிக்கல் இதுதான். (இந்த எண்களின் பொருள் கீழே தனிக் கேள்வியாக வருகிறது.) உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்கு 750 பர்மிஷன் தரப்படுகிறது. அதற்கு முன்பு அது 755. பழைய மெஷினில் 20.04 போட்டிருந்தால், ஹோம் ஃபோல்டருக்குள் வைத்த புராஜெக்டை வெப் சர்வர் தாராளமாக எட்டிப் பார்த்தது. 22.04 அல்லது 24.04 புதிதாகப் போட்டதும் வாசலிலேயே நிற்கிறது.

புராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ரூட் ஃபோல்டரிலிருந்து (/) ஃபைல் வரை ஒவ்வொரு படியையும் பார்க்க வேண்டும். அதற்கென்றே ஒரு கமாண்ட் இருக்கிறது: 'நேம்' என்ற சொல்லோடு 'ஐ' எழுத்தைச் சேர்த்து, இடைவெளி விட்டு '-எல்', பிறகு ஃபைலின் முழுப் பாதை. /ஹோம்/கயல்/சைட்ஸ்/கடை/பப்ளிக்/இண்டெக்ஸ்.பிஎச்பி என்று கொடுத்தால் பாதையைக் காட்டும் தலைப்பு வரிக்குக் கீழே, படிக்கு ஒரு வரியாக ஏழு வரிகள் வரும். முதல் வரி ரூட் ஃபோல்டர், ஓனர் ரூட் யூசர் (எல்லா அனுமதியும் உள்ளவர்), 755. இரண்டாவது ஹோம், அதுவும் அப்படியே. மூன்றாவது வரியில் கயல். அந்த வரியின் தொடக்கத்தில் டி, அதாவது ஃபோல்டர். பிறகு ஓனருக்கு ஆர், டபிள்யூ, எக்ஸ். குரூப்புக்கு ஆர், ஒரு கோடு, எக்ஸ். மற்றவர்களுக்கு மூன்றும் கோடு. வெப் சர்வர் ஓனரும் இல்லை, கயல் குரூப்பிலும் இல்லை. ஆகவே அது அந்த மூன்று கோடுகளில் வந்து முட்டி நிற்கிறது. கீழே உள்ள நான்கு வரிகள் எவ்வளவு திறந்திருந்தாலும் பயன் இல்லை.

சரிசெய்ய இரண்டு வழிகள். 'சிஎச்மோட் ஓ+எக்ஸ் /ஹோம்/கயல்' என்று கொடுத்தால் 751 ஆகும். யாரும் உள்ளே நுழையலாம், ஆனால் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. இதைவிட நல்லது, வெப் சர்வருக்கு (உபுண்டுவில் அதன் யூசர் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா) மட்டும் வழிவிடுவது: 'செட்எஃப்ஏசிஎல் -எம் யு:டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா:எக்ஸ் /ஹோம்/கயல்'. அந்தக் கமாண்ட் இல்லை என்று வந்தால் 'ஏசிஎல்' என்ற பேக்கேஜை இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரே ஒரு யூசருக்கு, நுழையும் அனுமதி மட்டும். வேறு எதுவும் மாறாது.

சரியாகிவிட்டதா என்று பிரவுசரில் சோதிப்பதற்கு முன் வெப் சர்வரின் பெயரிலேயே ஃபைலைத் திறந்து பாருங்கள்: 'சுடோ -யு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா கேட்', பிறகு ஃபைல் பாதை. உள்ளடக்கம் வந்தால் பர்மிஷன் முடிந்த கதை. அதற்குப் பிறகும் 403 வந்தால் குற்றவாளி கான்ஃபிக்.

வெப் சர்வர் எந்த யூசராக ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

'பிஎஸ் ஆக்ஸ்' கொடுத்து அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம் வரிகளின் முதல் பத்தியைப் பாருங்கள். ரூட் என்று ஒரு வரி இருக்கும், அது மேற்பார்வைப் பிராசஸ். அதன் கீழே வேலை செய்யும் பிராசஸ்களின் பெயர்தான் நமக்கு வேண்டும். உபுண்டு, டெபியனில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, யூசர் எண் 33. ஃபெடோராவில் அப்பாச்சி, எண் 48. மேக்கோடு வரும் அப்பாச்சியில் அடிக்கோட்டில் தொடங்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ, எண் 70. லினக்ஸில் எக்ஸாம்ப் (அப்பாச்சி, பிஎச்பி எல்லாம் சேர்ந்த தொகுப்பு) போட்டிருந்தால் டீமன்.

என்ஜின்எக்ஸும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் தனித்தனி பிராசஸ்கள், தனித்தனி யூசராகவும் ஓடலாம். படம், சிஎஸ்எஸ் போன்றவற்றைப் படிப்பது என்ஜின்எக்ஸ். பிஎச்பி ஃபைலைப் படிப்பதும், அப்லோடை எழுதுவதும் எஃப்பிஎம். பக்கம் வருகிறது, படங்கள் மட்டும் வரவில்லை என்றால் இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

755, 644 என்றால் சரியாக என்ன?

ஆர் (படிப்பது) என்றால் 4, டபிள்யூ (எழுதுவது) 2, எக்ஸ் (இயக்குவது) 1. கூட்டி வரும் மூன்று இலக்கங்களும் வரிசையாக ஓனர், குரூப், மற்றவர். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தடுமாறுவது ஃபோல்டரில்தான், ஏனென்றால் ஃபைலில் இருக்கும் பொருள் ஃபோல்டரில் இல்லை. ஃபோல்டரில் ஆர் என்றால் உள்ளே உள்ள பெயர்களைப் பட்டியலிடலாம். எக்ஸ் என்றால் அதற்குள் நுழைந்து கடந்து போகலாம். எக்ஸ் இல்லாத ஃபோல்டருக்குள் 777 ஃபைல் இருந்தாலும் திறக்க முடியாது. டபிள்யூ என்றால் உள்ளே ஃபைலை உருவாக்கலாம், அழிக்கலாம். அழிப்பதற்கு அந்த ஃபைலின் மேல் அனுமதி தேவையே இல்லை. ஃபோல்டர் மேல் இருந்தால் போதும்.

777 போட்டால் உடனே சரியாகிவிடுகிறதே, ஏன் கூடாது?

பல சமயம் சரியாவதே இல்லை. மேல் ஃபோல்டர் மூடியிருந்தால் கீழே 777 போட்டும் பலன் இல்லை. இப்போதைக்குச் சரியானாலும், நாளை உருவாகும் புது ஃபைல் மறுபடி 644 ஆகத்தான் வரும். பிழையும் திரும்ப வரும்.

அதோடு, சில சாஃப்ட்வேர்கள் 777-ஐப் பார்த்தாலே வேலை செய்ய மறுக்கும். பிஎச்பிமைஅட்மின் தன் கான்ஃபிக் ஃபைலை எல்லோரும் எழுதலாம் என்றிருந்தால் திறக்காது. மைஎஸ்க்யூஎல் அப்படிப்பட்ட கான்ஃபிக் ஃபைலைப் படிக்காமல் ஒதுக்கிவிட்டுத் தொடங்கும், ஏன் செட்டிங் ஏறவில்லை என்று மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். எஸ்எஸ்எச் சாவி ஃபைல் அனுமதி அதிகமாக இருந்தால் அதைப் பயன்படுத்தவே மாட்டேன் என்னும். அதற்கு 600-தான் வேண்டும், அது இருக்கும் ஃபோல்டருக்கு 700.

எல்லாவற்றையும்விட ஆபத்து, '-பெரிய ஆர்' (கேப்பிடல் எழுத்து; உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் என்று பொருள்) சேர்த்து தவறான இடத்தில் கொடுப்பது. /இடிசி மேல் போனால் சுடோ (ரூட்டாகக் கமாண்ட் ஓட்டும் புரோகிராம்), தன் கான்ஃபிக் ஃபைலை எல்லோரும் எழுதலாம் என்று சொல்லி நின்றுவிடும். /யூஎஸ்ஆர் மேல் போனால் சுடோ புரோகிராமை ரூட்டாக ஓட வைக்கும் செட்யூஐடி அடையாளம் கழன்றுவிடும், பிறகு எந்தக் கமாண்டாலும் ரூட் ஆக முடியாது. அந்த நிலையில் ஹோம் ஃபோல்டரை காப்பி எடுத்துக்கொண்டு ஓஎஸ்ஸை மறுபடி போடுவதே விரைவான வழி.

ஏற்கெனவே புராஜெக்ட் முழுக்க 777 போட்டுவிட்டேன். எப்படித் திரும்புவது?

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு இரண்டு கமாண்டுகள். ஃபோல்டர்களுக்கு: 'ஃபைண்ட் . -டைப் டி -எக்ஸெக் சிஎச்மோட் 755 {} +'. ஃபைல்களுக்கு அதையே 'டி'க்குப் பதில் 'எஃப்', 755-க்குப் பதில் 644 என்று மாற்றி. தொடங்கும் முன் 'பிடபிள்யூடி' அடித்து எங்கே நிற்கிறீர்கள் என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. இயக்க வேண்டிய ஃபைல்களின் எக்ஸும் போய்விடும். அடுத்து 'என்பிஎம் ரன் டெவ்' கொடுத்தால் 'வைட்: பர்மிஷன் டினைட்' என்று வரும். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு 'என்பிஎம் சிஐ' கொடுப்பது சுத்தமான தீர்வு. கம்போசரின் வெண்டர் ஃபோல்டருக்கும் (பிஎச்பி பேக்கேஜ்கள் இருக்கும் இடம்) அதே சிகிச்சை. கிட்டில் (ஃபைல் மாற்றங்களைக் குறித்துவைக்கும் டூல்) இருக்கும் ஃபைல்களில் எதற்கு எக்ஸ் இருந்தது என்று 'கிட் டிஃப்' சொல்லிவிடும்: பழைய மோட் 100755, புது மோட் 100644 என்று இருக்கும் ஃபைல்களுக்கு மட்டும் 'சிஎச்மோட் +எக்ஸ்' போடுங்கள். பாஸ்வேர்டு இருக்கும் என்வ் ஃபைலையும் வேர்ட்பிரஸ் கான்ஃபிக்கையும் 640-க்கு இறக்குங்கள். குரூப் வெப் சர்வருடையதாக இருக்கட்டும், இல்லையென்றால் அதால் படிக்க முடியாது.

பக்கம் திறக்கிறது, ஆனால் அப்லோட் ஏறவில்லை, லாராவெல் லாக் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்கிறது. என்ன செய்வது?

படிக்கும் அனுமதி இருக்கிறது, எழுதும் அனுமதி இல்லை. லாராவெலில் வெப் சர்வர் எழுத வேண்டிய இடங்கள் இரண்டு: ஸ்டோரேஜ் ஃபோல்டரும், பூட்ஸ்ட்ராப் ஃபோல்டருக்குள் இருக்கும் கேஷ் ஃபோல்டரும். வேர்ட்பிரஸில் அப்லோட்ஸ் ஃபோல்டர்.

இங்கே சிக்கலின் வேர் என்னவென்றால் இரண்டு பேர் ஒரே ஃபோல்டரில் எழுதுகிறார்கள். டெர்மினலில் லாராவெலின் கமாண்டான 'பிஎச்பி ஆர்டிசன்' கொடுக்கும்போது எழுதுவது கயல். பிரவுசரில் பக்கத்தைத் திறக்கும்போது எழுதுவது வெப் சர்வர் யூசர். யார் முதலில் லாக் ஃபைலை உருவாக்குகிறாரோ, அது அவருடையதாகி மற்றவருக்கு எழுத முடியாமல் போகிறது. காலையில் ஓடி மாலையில் நிற்பது இதனால்தான். கோபத்தில் 'சுடோ' சேர்த்து ஆர்டிசனையோ கம்போசரையோ ஓட்டினால் மூன்றாவதாக ரூட்டும் வந்து சேரும். அப்படி ஓட்டியிருந்தால் முதலில் 'சுடோ சிஎச்ஓன் -பெரிய ஆர் கயல்:கயல்' என்று புராஜெக்ட் முழுவதையும் மீட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மெஷின் என்றால், எங்கள் பரிந்துரை பிஎச்பி-எஃப்பிஎம்மை உங்கள் பெயரிலேயே ஓட்டுவது. எழுதுபவர் ஒருவராகிவிட்டால் சண்டையே இல்லை. உபுண்டு 24.04-இல் /இடிசி/பிஎச்பி/8.3/எஃப்பிஎம்/பூல்.டி ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து 'யூசர்', 'குரூப்' என்ற இரண்டு வரிகளை கயல் என்று மாற்றுங்கள். அதற்குக் கொஞ்சம் கீழே 'லிசன்.ஓனர்', 'லிசன்.குரூப்' என்று இரண்டு வரிகள் உண்டு, அவற்றைத் தொடாதீர்கள். அவை என்ஜின்எக்ஸ் வந்து தட்டும் சாக்கெட்டின் ஓனர். அதையும் மாற்றினால் 403 போய் 502 (பிஎச்பியை எட்ட முடியவில்லை) வரும். எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பிரவுசரில் அந்தத் தளத்தின் குக்கியை அழித்துவிடுங்கள். பழைய செஷன் ஃபைல்கள் பழைய யூசருடையவை, அவற்றைத் திறக்க முயன்று செஷன் பிழை வரும்.

எஃப்பிஎம் இல்லாமல் அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பி ஓடினால், /இடிசி/அப்பாச்சி2 ஃபோல்டரின் என்வ்வார்ஸ் ஃபைலில் ரன் யூசர், ரன் குரூப் வரிகளை மாற்றுங்கள். இதெல்லாம் உங்கள் மேசை மேல் இருக்கும் மெஷினுக்கு மட்டும். இணையத்தில் இருக்கும் சர்வரில் செய்யக்கூடாது. அங்கே பிஎச்பியில் ஒரு ஓட்டை விழுந்தால் உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதும் திறந்துவிடும்.

இருவரும் எழுதியே ஆக வேண்டும் என்றால் ஏசிஎல் (யூசர் வாரியான தனி அனுமதி) போடுங்கள்: 'செட்எஃப்ஏசிஎல் -பெரிய ஆர் -எம் யு:டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா:ஆர்டபிள்யூஎக்ஸ்,யு:கயல்:ஆர்டபிள்யூஎக்ஸ் ஸ்டோரேஜ்'. இதில் ஆர்டபிள்யூஎக்ஸின் எக்ஸைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். அப்போது ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே எக்ஸ் உள்ள ஃபைல்களுக்கும் மட்டும் எக்ஸ் சேரும். பிறகு அதே கமாண்டை '-டி' சேர்த்து இன்னொரு முறை கொடுங்கள். முதல் முறை கொடுப்பது இப்போது இருக்கும் ஃபைல்களுக்கு, இரண்டாவது இனி உருவாகப் போகும் ஃபைல்களுக்கு. இரண்டாவதை விட்டுவிட்டால் அடுத்த நாள் லாக் ஃபைல் மாறும்போது பிழை திரும்பும்.

வெப் சர்வர் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டேன், ஆனாலும் எழுத முடியவில்லை.

குரூப் மாற்றம் புது லாகினில்தான் ஏறும். டெர்மினலை மூடித் திறந்தால் போதாது. லாக்அவுட் செய்து மறுபடி வாருங்கள். 'ஐடி' கமாண்டின் பட்டியலில் குரூப் தெரிந்தால் ஏறிவிட்டது. எதிர்ப்பக்கமாக, வெப் சர்வர் யூசரை உங்கள் குரூப்பில் சேர்த்திருந்தால் அப்பாச்சியையும் எஃப்பிஎம்மையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், ஃபோல்டரில் குரூப்புக்கு டபிள்யூ இருக்கிறதா என்று பாருங்கள். 755-இல் நடு இலக்கம் 5, அதாவது குரூப்புக்கு எழுத அனுமதி இல்லை. 2775 போடுங்கள்: முன்னால் இருக்கும் 2, உள்ளே உருவாகும் ஃபைல்களுக்கும் அதே குரூப்பைத் தரும். ஆனால் யூமாஸ்க் (புது ஃபைலில் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்ற செட்டிங்) 022 ஆக இருந்தால் புது ஃபைல் 644 ஆகவே பிறக்கும். 002 ஆக்கினால் 664.

வேர்ட்பிரஸில் பிளகின் போட்டால் எஃப்டிபி யூசர், பாஸ்வேர்டு கேட்கிறது. 777 போட்டும் போகவில்லை.

போகாது. வேர்ட்பிரஸ் பார்ப்பது அனுமதி எண்ணை மட்டும் அல்ல. ஒரு தற்காலிக ஃபைலை எழுதிப் பார்த்து, அதன் ஓனரும் வேர்ட்பிரஸ் ஃபைல்களின் ஓனரும் ஒருவர்தானா என்று ஒப்பிடுகிறது. ஃபைல்கள் கயலுடையவை, எழுதியது வெப் சர்வர் என்றால் நேரடியாக எழுத மறுத்து எஃப்டிபி கேட்கும். மேலே சொன்னபடி எஃப்பிஎம்மை உங்கள் பெயரில் ஓட்டினால் இது தானாகவே போய்விடும். இல்லையென்றால் வேர்ட்பிரஸ் கான்ஃபிக் ஃபைலில் 'எஃப்எஸ்_மெத்தட்' என்ற பெயருக்கு 'டைரக்ட்' என்று டிஃபைன் செய்யுங்கள்; அப்போது வேர்ட்பிரஸின் கன்டென்ட் ஃபோல்டரில் வெப் சர்வருக்கு எழுதும் அனுமதி உண்மையாகவே இருக்க வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து எப்படிக் காப்பி செய்தால் பர்மிஷன் கெடாது?

பென்டிரைவில் நேரடியாகப் போடாதீர்கள். அது பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32. அவற்றில் ஓனரும் மோடும் சேமிக்கவே இடம் இல்லை. காப்பி செய்த புராஜெக்டில் எல்லா ஃபைலும் ஒரே அனுமதி எண்ணோடு காட்டுவதற்கு இதுதான் காரணம். அந்த டிரைவிலேயே வைத்து வேலை செய்தால் சிஎச்மோட் எவ்வளவு கொடுத்தாலும் ஒட்டாது. ஒரே டார் ஃபைலாகக் கட்டி பென்டிரைவில் கொண்டுபோய் அங்கே பிரியுங்கள். இரண்டு மெஷினும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் 'ஆர்சிங்க் -ஏ'.

லினக்ஸ் டிஸ்கில் சேமிப்பது ஓனரின் பெயரை அல்ல, எண்ணை. உபுண்டுவில் முதல் யூசர் 1000, மேக்கில் 501. பழைய டிஸ்கைப் புது மெஷினில் மாட்டினால் ஓனர் இடத்தில் பெயருக்குப் பதில் 1001 என்றோ 501 என்றோ வெறும் எண் தெரிந்தால், அந்த எண்ணில் இங்கே யாரும் இல்லை என்று பொருள். சிஎச்ஓன் ஒருமுறை கொடுத்தால் முடிந்தது.

காப்பி செய்த பிறகு கிட் எல்லா ஃபைலும் மாறியதாகக் காட்டுகிறது. இன்னொரு புராஜெக்டில் ஓனர் சந்தேகமாக இருக்கிறது என்று நிற்கிறது.

முதலாவது எக்ஸ் அனுமதி மாறியதால். கிட் அனுமதிகளில் அதை ஒன்றைத்தான் குறித்துவைக்கிறது. அனுமதியைச் சரிசெய்வதே நல்லது. முடியாத டிரைவ் என்றால் 'கிட் கான்ஃபிக் கோர்.ஃபைல்மோட் ஃபால்ஸ்'.

இரண்டாவது, 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2-இலிருந்து இருக்கும் பாதுகாப்பு. ஃபோல்டரின் ஓனர் நீங்கள் இல்லை என்றால் கிட் அதில் வேலை செய்யாது. திரையில் வரும் 'சேஃப்.டைரக்டரி' கமாண்டை அப்படியே காப்பி அடிக்கும் முன், ஃபோல்டர் உங்களுடையதுதான் என்றால் சிஎச்ஓன் செய்து ஓனரை மாற்றுங்கள்.

என்பிஎம் குளோபலாக எதைப் போட்டாலும் ஈஅக்ஸஸ் பிழை.

சுடோ சேர்க்காதீர்கள். என்பிஎம் எழுதப் பார்ப்பது ரூட்டுக்குச் சொந்தமான /யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள். என்விஎம் (நோட் வெர்ஷன்களைப் போட உதவும் டூல்) மூலம் நோடை ஹோம் ஃபோல்டரிலேயே போட்டுக்கொண்டால் இந்தப் பிழை பிறகு வராது. ஏற்கெனவே சுடோ போட்டு ஓட்டியிருந்தால், ஹோமில் இருக்கும் மறைந்த .என்பிஎம் ஃபோல்டரில் ரூட்டின் ஃபைல்கள் கிடக்கும். அதை சிஎச்ஓன் செய்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

ஃபெடோராவில் ஓனர், எண் எல்லாம் சரி. ஆனாலும் மறுக்கிறது.

எஸ்இலினக்ஸ். சாதாரண அனுமதிக்கு மேலே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் இருக்கும். 'எல்எஸ் -பெரிய இசட்' காட்டும். ஹோமில் உருவாக்கிய ஃபைலை 'எம்வி' மூலம் /வார் பக்கம் நகர்த்தினால் ஹோமின் லேபிள் அதோடு ஒட்டிக்கொண்டே போகும். 'சிபி' செய்தால் போகிற இடத்து லேபிளை வாங்கிக்கொள்ளும். நகர்த்திவிட்டீர்கள் என்றால் 'ரெஸ்டோர்கான் -பெரிய ஆர் வி' கொடுங்கள். எழுத வேண்டிய ஃபோல்டருக்கு, பெயரில் 'ஆர்டபிள்யூ' உள்ள எச்டிடிபிடி லேபிள் வேண்டும். அதை 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' மூலம் பதிந்துவிட்டுப் பிறகு ரெஸ்டோர்கான். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்று சொல்லும் பதில்களை விட்டுவிடுங்கள். இரண்டு கமாண்டில் முடிகிற வேலை.

மேக்கில் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" வருகிறது, சுடோ போட்டாலும்.

2019-இல் வந்த கேடலினா முதல் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எந்த ஆப் தொட வேண்டுமென்றாலும் தனி அனுமதி வேண்டும். இதற்கும் சிஎச்மோடுக்கும் சம்பந்தம் இல்லை. புராஜெக்டை ஹோமுக்குள் சைட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே வையுங்கள். நகர்த்த முடியாது என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியின் ஃபுல் டிஸ்க் ஆக்ஸஸ் பட்டியலில் டெர்மினலைச் சேர்த்து, அதை மூடித் திறக்க வேண்டும்.

விண்டோஸில்?

எக்ஸாம்ப்பை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாதீர்கள். விண்டோஸின் யூஏசி பாதுகாப்பு அங்கே எழுத விடாது. சி டிரைவின் நேர் கீழே போடுங்கள். பழைய டிஸ்கை மாட்டினால் "ஆக்ஸஸ் டினைட்" வருவது, விண்டோஸ் ஒவ்வொரு யூசரையும் பெயரால் அல்லாமல் எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணால் அடையாளம் வைத்திருப்பதால். பழைய மெஷினின் எஸ்ஐடி இங்கே யாருக்கும் இல்லை. அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'டேக்ஓன் /எஃப்', ஃபோல்டர் பாதை, '/ஆர்'. அடுத்து 'ஐகேக்ல்ஸ்', பாதை, '/ரீசெட் /டி'. முதலாவது ஓனராக்கும், இரண்டாவது மேல் ஃபோல்டரின் அனுமதிகளைக் கீழே முழுக்க இறக்கும். புராஜெக்ட் ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்கள், டிரைவ் முழுவதுக்கும் வேண்டாம்.

ஃபோல்டர் புராப்பர்ட்டீஸில் 'ரீட்-ஒன்லி' கட்டம் எப்போதும் நிரம்பியே இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். ஃபோல்டருக்கு அது எழுதத் தடை அல்ல. என்பிஎம் நடுவில் ஈபெர்ம், ஈபிஸி என்று நின்றால் எடிட்டரோ ஆன்டிவைரஸோ ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டெவ் சர்வரையும் எடிட்டரையும் மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டாக்குமென்ட்ஸில் எழுதும்போது மட்டும் தடுத்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள்.

டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) பயன்படுத்தினால் புராஜெக்டை /எம்என்டி/சி பக்கம் வைக்காதீர்கள். அங்கே எல்லாம் 777 ஆகத் தெரியும், சிஎச்மோட் ஒட்டாது, வேகமும் குறைவு. லினக்ஸ் பக்கத்து ஹோமில் வையுங்கள். சி டிரைவில்தான் இருக்க வேண்டும் என்றால் /இடிசி ஃபோல்டரின் டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் ஃபைலில் 'ஆட்டோமவுன்ட்' தலைப்பின் கீழ் ஆப்ஷன்ஸ் வரியில் 'மெட்டாடேட்டா,யூமாஸ்க்=22,எஃப்மாஸ்க்=11' என்று எழுதி, விண்டோஸ் பக்கத்திலிருந்து 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்' கொடுங்கள்.

டாக்கரில் ஓட்டினால் புராஜெக்டுக்குள் ரூட்டின் ஃபைல்கள் முளைக்கின்றன.

கண்டெய்னருக்குள் (டாக்கர் புராஜெக்டை ஓட்டும் தனி அடைப்பு) ரூட்டாக ஓடுகிறது, லினக்ஸில் அந்த எண் 0 வெளியேயும் ரூட்தான். கம்போஸ் ஃபைலில் அந்த சர்வீஸுக்கு 'யூசர்' வரியில் உங்கள் எண்களைக் கொடுங்கள், பொதுவாக 1000:1000. 'ஐடி' கமாண்ட் சரியான எண்ணைச் சொல்லும். மவுன்ட் செய்யும் ஃபோல்டரை முன்னதாகவே நீங்கள் உருவாக்கிவிடுங்கள். இல்லாத ஃபோல்டரை '-வி' மூலம் கொடுத்தால் டாக்கரே அதை ரூட் பெயரில் உருவாக்கும். டெபியன் இமேஜிலிருந்து அல்பைனுக்கு மாறினால் வெப் சர்வர் யூசரின் எண்ணும் 33-இலிருந்து 82 ஆக மாறும். பெயர் அதேதான் என்பதால் இது கண்ணில் படாது.

இன்றைக்கே வேலை தொடங்க வேண்டும். இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பார்க்கலாம். புராஜெக்டின் பப்ளிக் ஃபோல்டரில் நின்று 'பிஎச்பி -பெரிய எஸ் லோக்கல்ஹோஸ்ட்:8000' கொடுங்கள். இந்த உள்ளமை சர்வர் உங்கள் பெயரிலேயே ஓடும், உங்கள் ஃபைல்களை உங்களுக்குத் திறப்பதில் தடை ஏதும் இல்லை. 8000-க்குப் பதில் 80 கொடுத்தால் லினக்ஸில் மறுபடி பர்மிஷன் பிழை வரும்; 1024-க்குக் கீழ் உள்ள போர்ட்டுகள் ரூட்டுக்கு ஒதுக்கியவை. அதற்காக சுடோ போட்டு ஓட்டினால், இரவுக்குள் ஸ்டோரேஜ் ஃபோல்டர் முழுக்க ரூட்டின் ஃபைல்கள் சேர்ந்துவிடும்.